கோட்டுக்கு உள்ளே இருக்கிற வீடு: லூசியானாவும் வெள்ளக் காப்புறுதியின் வரலாறும்

அம்மம்மாவின் வீடு நாவலடியில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவில் ஒரு கீற்று மணல் நிலம். 2004 சுனாமி வந்தபோது எனக்கு ஒரு வயது. அந்த வீட்டைப் பற்றி எனக்கு ஒரு ஞாபகமும் இல்லை. ஆனால் சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டுத்தான் வளர்ந்தேன்: "இருநூறு மீட்டர்". கடலிலிருந்து இத்தனை மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் ஒரு கோடு கீறியது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர். அந்தக் கோடு ஏன் எங்கட பக்கம் மட்டும் இரண்டு மடங்கு அகலமாக இருந்தது என்று அம்மம்மா இன்றைக்கும் கேட்பா. பிறகு அந்தக் கோடு தளர்த்தப்பட்டது. அதற்குள் எங்கட குடும்பம் உள்ளுக்குத் தள்ளிக் கொடுத்த புது வீட்டுக்குப் போய்விட்டது. 2011 ஜனவரி வெள்ளத்தில் அந்தப் புது வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கடலுக்குப் பயந்து வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டது என்று அம்மா சொல்லுவா.

போன செமஸ்டரில் சுற்றுச்சூழல் வரலாறு பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அதற்காக வாசிக்கத் தொடங்கியபோதுதான் ஐக்கிய அமெரிக்காவில் இதே மாதிரிக் கோடுகள் நாடு முழுக்கக் கீறப்பட்டிருக்கின்றன என்று தெரிந்தது. அங்கே கோட்டுக்கு உள்ளே இருந்தால் வீட்டை விட்டுப் போகச் சொல்வதில்லை. காப்புறுதி எடுக்கச் சொல்கிறார்கள். கேட்க நல்ல ஏற்பாடு மாதிரி இருந்தது. அந்த ஏற்பாடு எப்படி வந்தது, யாருக்கு உதவியது, யாரைக் கைவிட்டது என்று தேடினால் கதை கடைசியில் ஒரே மாநிலத்தில் வந்து நிற்கிறது. அது லூசியானா.

1927: குண்டு வைத்து உடைத்த அணை

லூசியானா என்பது பெரும்பாலும் மிசிசிப்பி ஆறு கொண்டுவந்து கொட்டிய மண். ஆறு வருடா வருடம் பெருகி, வண்டலைப் பரப்பி, அப்படியே உருவான நிலம். அந்த மண்ணில் நகரம் கட்டியவர்கள் ஆற்றை இரண்டு பக்கமும் மண் அணை போட்டு அடைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து அமெரிக்க இராணுவப் பொறியியலாளர்களின் கொள்கையே "அணை மட்டும் போதும்" என்பதுதான். ஆறு நிரம்பினால் தண்ணீரை வெளியே விட வாய்க்கால் வேண்டாம், அணையை இன்னும் உயர்த்தினால் சரி என்றார்கள்.

1926 கோடை முடிவிலிருந்து பல மாதங்களாக மழை கொட்டியது. 1927 ஏப்ரல் 21 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் மவுண்ட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் அணை உடைந்தது. அந்த வருட வெள்ளம் சுமார் 27,000 சதுர மைல் நிலத்தை மூடியது. இலங்கையின் முழுப் பரப்பளவு 25,000 சதுர மைலுக்குக் கொஞ்சம் மேலே என்று நினைத்துப் பார்த்தால் அளவு விளங்கும். ஆறு இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் வீடிழந்தார்கள். கிரீன்வில் நகரத்தில் கறுப்பினத் தொழிலாளர்களை அணையின் மேலேயே முகாமில் வைத்து, வெளியேற விடாமல் வேலை வாங்கினார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை.

இங்கே முக்கியமானது நியூ ஓர்லியன்ஸ் நகரம் செய்த காரியம். வெள்ளம் நகரத்துக்கு வந்துவிடும் என்று பயந்த வங்கிக்காரர்களும் வர்த்தகர்களும் சேர்ந்து ஆளுநரிடம் அனுமதி வாங்கினார்கள். ஏப்ரல் 29 அன்று நகரத்துக்குக் கீழே கெர்னார்வன் என்ற இடத்தில் அணைக்கு டைனமைற் வைத்து உடைத்தார்கள். தண்ணீர் சென்ட் பெர்னாட், பிளாக்மின்ஸ் என்ற இரண்டு பரிஷ்களுக்குள் பாய்ந்தது. (லூசியானாவில் மாவட்டத்தைப் பரிஷ் என்று சொல்வார்கள்.) அங்கே இருந்தவர்கள் மீன்பிடித்தும், சதுப்பில் பொறி வைத்துத் தோலுக்காக மிருகங்களைப் பிடித்தும் வாழ்ந்தவர்கள். சுமார் பத்தாயிரம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். முழு நட்டஈடு தருவதாக நகரத்தின் பெரிய மனிதர்கள் வாக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது சொற்பம், கனபேருக்கு ஒன்றுமே இல்லை. ஆற்றின் மேல்பகுதியில் அணைகள் உடைந்து தண்ணீர் வேறு வழியில் போய்விட்டதால், அந்த டைனமைற் தேவைப்பட்டிருக்கவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

இந்த வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, 1928 வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம். ஆற்றை அடக்கும் பொறுப்பை மத்திய அரசு தன் தலையில் எடுத்தது. அதே சட்டத்துக்குள் ஒரு சின்ன வாசகமும் இருந்தது: வெள்ளத்தால் வரும் சேதத்துக்கு மத்திய அரசு எந்தப் பொறுப்பும் ஏற்காது. இதை ஞாபகத்தில் வைத்திருங்கோ, எண்பது வருடம் கழித்துத் திரும்பி வரும். இரண்டாவது, அதுவரை அங்கங்கே வெள்ளத்துக்குக் காப்புறுதி விற்றுக்கொண்டிருந்த தனியார் கம்பனிகள் அந்த வியாபாரத்தை விட்டு விலகின.

கம்பனிகள் ஏன் ஓடின?

காப்புறுதியின் அடிப்படைக் கணக்கு சுலபமானது. ஆயிரம் வீட்டுக்காரர் ஆளுக்குக் கொஞ்சம் கட்டுப்பணம் கட்டுகிறார்கள். ஒரு வருடத்தில் இரண்டு வீடு எரிந்தால் அந்தப் பணத்தில் இரண்டையும் கட்டிக் கொடுக்கலாம். மற்ற 998 பேரின் வீடு எரியாது என்ற நம்பிக்கையில்தான் இது ஓடுகிறது.

வெள்ளம் அப்படி வராது. வந்தால் தெரு முழுக்க, ஊர் முழுக்க ஒரே நாளில் வரும். ஆயிரம் பேரும் ஒரே காலையில் கம்பனி வாசலில் வந்து நிற்பார்கள். அதைவிட இன்னொரு சிக்கல். மேட்டில் இருப்பவர் வெள்ளக் காப்புறுதி எடுக்க மாட்டார், ஆற்றங்கரையில் இருப்பவர்தான் எடுப்பார். அப்போது கட்டுப்பணத்தை மிக உயர்வாக வைக்க வேண்டும். உயர்வாக வைத்தால் ஆற்றங்கரையில் இருக்கிற ஏழையால் கட்ட முடியாது. இதனால்தான் அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தில் தீ, காற்று, களவு எல்லாம் இருக்கும், வெள்ளம் இருக்காது. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

இந்த இடத்தில் வரும் முக்கியமான ஆள் கில்பேர்ட் வைட் என்ற புவியியலாளர். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆய்வு 1945-ல் வெளிவந்தது. வெள்ளத்தைத் தடுக்க அரசு அணைக்கு மேல் அணை கட்டியும் நட்டம் குறையவில்லையே, ஏன் என்று அவர் கேட்டார். அணை கட்டியவுடன் மக்கள் "இனிப் பயமில்லை" என்று நம்பித் தாழ்நிலத்தில் இன்னும் வீடு கட்டுகிறார்கள். அணை தாங்காத ஒரு வெள்ளம் வரும்போது முன்னரைவிடக் கூடுதலாக அழிகிறது. எனவே ஆற்றை மட்டும் திருத்தாமல், நிலத்தை எப்படிப் பாவிக்கிறோம் என்பதையும் திருத்த வேண்டும் என்பது அவர் வாதம். இப்போது வாசித்தால் சாதாரணமாகத் தெரியும். அந்தக் காலத்தில் பொறியியலாளர்களுக்கு இது பிடிக்கவில்லை.

1956-ல் ஐசன்ஹோவர் ஆட்சியில் மத்திய வெள்ளக் காப்புறுதிச் சட்டம் ஒன்று நிறைவேறியது. ஆனால் காங்கிரஸ் அதற்குப் பணம் ஒதுக்கவில்லை. ஒரு வீட்டுக்கும் காப்புறுதி கொடுக்காமலே அது செத்துப் போனது.

பெற்சி

1965 செப்டெம்பர் 9 இரவு பெற்சி சூறாவளி லூசியானாக் கரையைத் தாக்கியது. ஒரு பில்லியன் டொலருக்கு மேல் சேதம் ஏற்படுத்திய முதலாவது சூறாவளி என்பதால் அதற்கு "பில்லியன் டொலர் பெற்சி" என்றே பட்டப்பெயர். நியூ ஓர்லியன்ஸில் தொழிற்சாலைக் கால்வாயின் அணைகள் உடைந்து, லோவர் நைந்த் வார்ட் என்ற பகுதிக்குள் இரவோடிரவாகத் தண்ணீர் புகுந்தது. கறுப்பினத் தொழிலாளர் குடும்பங்கள் சிறுகச் சிறுகச் சேமித்து, சொந்தமாகக் காணி வாங்கி வீடு கட்டிய இடம் அது. கூரைக்கு ஏறியவர்கள் தப்பினார்கள்.

அடுத்த நாளே ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் வந்தார். லூசியானா செனட்டர் ரஸல் லோங் தொலைபேசியில் நெருக்கியதால் வந்த பயணம் அது. மின்சாரம் இல்லாத பாடசாலை ஒன்றில் மக்கள் தங்கியிருந்தார்கள். அந்த இருட்டில் டோர்ச் வெளிச்சத்தைத் தன் முகத்திலேயே பிடித்து, வந்திருப்பது ஜனாதிபதிதான் என்று அவர் சொன்னதாகப் பதிவுகள் இருக்கின்றன.

லோவர் நைந்த் வார்ட் மக்களிடம் ஒரு கதை பரவியது: இந்த அணை தானாக உடையவில்லை, வெள்ளையரின் பகுதியைக் காப்பாற்ற உடைத்தார்கள். 1965-ல் அப்படி நடந்ததற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் 1927-ல் கெர்னார்வனில் உண்மையாகவே அப்படித்தான் செய்தார்கள். முப்பத்தெட்டு வருடம் என்பது ஒரு ஊர் மறந்துவிடும் காலம் இல்லை. இந்த மாதிரி வதந்திகளை "மூடநம்பிக்கை" என்று சும்மா ஒதுக்கிவிடக் கூடாது என்று எனக்குப் பட்டது. அதற்குள் ஒரு பழைய உண்மை கிடக்கிறது.

பெற்சிக்குப் பின் வந்த நிவாரணச் சட்டம், வெள்ளக் காப்புறுதி சாத்தியமா என்று ஆராயச் சொன்னது. 1966-ல் அறிக்கைகள் வந்தன. அவற்றில் ஒன்றைத் தயாரித்த குழுவின் தலைவர் அதே கில்பேர்ட் வைட். காப்புறுதி நல்ல கருவிதான், ஆனால் கவனமாகக் கையாளத் தெரியாவிட்டால் எடுக்கவே வேண்டாம் என்கிற தொனியில் அந்தக் குழு எச்சரித்தது. மலிவுக் கட்டுப்பணம் கொடுத்து, கட்டுப்பாடு எதுவும் போடாமல் விட்டால், அரசே காசு கொடுத்து மக்களைத் தாழ்நிலத்துக்கு அழைப்பது போலாகிவிடும் என்பது அவர்கள் பயம். 1968 ஆகஸ்ட் 1 அன்று ஜோன்சன் தேசிய வெள்ளக் காப்புறுதிச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

வலயம் என்றால் என்ன?

திட்டத்தின் உள்ளே ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. ஒரு நகரமோ பரிஷோ விரும்பினால் சேரலாம். சேர்ந்தால், வெள்ளத் தாழ்நிலத்தில் எப்படிக் கட்டலாம் என்பதற்கு விதிகளை அது நிறைவேற்ற வேண்டும். பதிலுக்கு அந்த ஊர் மக்களுக்கு மத்திய அரசு காப்புறுதி விற்கும். யாருக்கு என்ன விதி என்று தீர்மானிக்க ஒரு வரைபடம் வேண்டும். இப்படித்தான் வெள்ள வலயங்கள் பிறந்தன.

வரைபடத்தில் எழுத்துகள் இருக்கும். ஏ என்று தொடங்கும் வலயங்கள் உயர் ஆபத்து உள்ளவை. வி என்று தொடங்குபவை கடலோரம், அங்கே தண்ணீர் ஏறுவதோடு மூன்றடிக்குக் குறையாத அலையும் வந்து அடிக்கும். எக்ஸ் என்றால் நடுத்தர அல்லது குறைந்த ஆபத்து. ஏ, வி வலயங்களில் புது வீட்டின் தரைமட்டம் எதிர்பார்க்கப்படும் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். வி வலயத்தில் தூண்களின் மேல்தான் கட்டலாம், கீழே அலை தடையில்லாமல் போய்வர வேண்டும். லூசியானாக் கரையோரப் படங்களில் வீடுகள் கொக்கு மாதிரி நீண்ட காலில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை "நூறு வருட வெள்ளம்" என்ற அளவு. இந்தப் பெயர் கனபேரை ஏமாற்றியிருக்கிறது. நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும், போன வருடம் வந்தது, ஆகவே இனி எங்கட ஆயுளில் வராது என்று நினைக்கிறோம். உண்மையில் அதன் அர்த்தம், ஒவ்வொரு வருடமும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு என்பது மட்டும்தான். அமெரிக்காவில் வீட்டுக் கடன் பொதுவாக முப்பது வருடம். ஒவ்வொரு வருடமும் 1 சதவீதம் என்று முப்பது வருடம் கணக்குப் பார்த்தால், அதற்குள் ஒருமுறையாவது வெள்ளம் வர 26 சதவீத வாய்ப்பு. நாலு வீட்டில் ஒரு வீடு. "நூறு வருட வெள்ளம்" என்று கேட்கும்போது வருகிற நிம்மதி இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் போய்விடும்.

கோடு என்பதே ஒரு பிரச்சினை. கோட்டின் இந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்கு ஆபத்து, பத்தடி தள்ளி அந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்கு ஆபத்து இல்லை என்று வரைபடம் சொல்லும். தண்ணீருக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாது. இன்னொன்று, தரச் சான்று பெற்ற அணைக்குப் பின்னால் இருக்கும் நிலத்தை எக்ஸ் வலயமாகக் காட்டுவார்கள். அதாவது அணை உடையாது என்ற நம்பிக்கையை வரைபடத்துக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். வைட் 1945-ல் சொன்ன அதே ஏமாற்றம், இந்த முறை அரச முத்திரையோடு.

விருப்பம் கட்டாயமான கதை

திட்டம் தொடங்கினாலும் ஆட்கள் சேரவில்லை. 1969-ல் கமில் சூறாவளியும் 1972-ல் அக்னஸும் வந்தபோது பாதிக்கப்பட்டவர்களில் மிகச் சிலரிடமே காப்புறுதி இருந்தது. அதனால் 1973-ல் புதுச் சட்டம். உயர் ஆபத்து வலயத்தில் உள்ள வீட்டுக்கு, மத்திய அரசின் மேற்பார்வையில் இருக்கும் வங்கி கடன் கொடுப்பதானால் வெள்ளக் காப்புறுதி கட்டாயம்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கோ. கட்டாயம் வீட்டின் மேல் இல்லை, கடனின் மேல். கடன் இல்லாத வீட்டுக்காரரைக் கேட்க யாரும் இல்லை. கடன் இல்லாதவர் என்றால் பணக்காரர் என்று நினைக்கத் தோன்றும். லோவர் நைந்த் வார்டில் நிலைமை வேறு. தாத்தா கட்டிய வீடு அப்பாவுக்கு வந்து, பிறகு பிள்ளைகளுக்கு வந்தது. கடன் எப்போதோ முடிந்துவிட்டது. உறுதியில் இன்னும் தாத்தாவின் பெயரே கிடக்கும். வருமானம் குறைவு, காப்புறுதி எடுக்கச் சொல்ல வங்கியும் இல்லை. வீடு ஒன்றுதான் அந்தக் குடும்பங்களின் முழுச் சொத்து. அந்தச் சொத்துக்குத்தான் பாதுகாப்பு இல்லாமல் போனது.

காப்புறுதி எடுத்தவருக்கும் எல்லை உண்டு. ஒரு குடும்ப வீட்டுக் கட்டடத்துக்கு ஆகக் கூடியது 250,000 டொலர், உள்ளே இருக்கும் பொருட்களுக்கு 100,000 டொலர். பொருட்களுக்குத் தனியாக எடுக்க வேண்டும், கனபேர் கட்டடத்துக்கு மட்டும் எடுத்துவிட்டுப் பிறகு அழுவார்கள். எடுத்த நாளிலிருந்து பொதுவாக முப்பது நாள் கழித்துத்தான் அமுலுக்கு வரும். சூறாவளி வருகிறது என்று தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு ஓடிப்போய் எடுக்க ஏலாது.

கத்ரீனா: காற்றா, தண்ணீரா?

2005 ஆகஸ்ட் 29. கத்ரீனா சூறாவளி கரை தாண்டியபோது நியூ ஓர்லியன்ஸின் கால்வாய்ச் சுவர்களும் அணைகளும் பல இடங்களில் உடைந்தன. பெற்சிக்குப் பிறகு அனுமதிக்கப்பட்ட பாதுகாப்பு அணைத்திட்டம் நாற்பது வருடம் கழித்தும் முடிந்திருக்கவில்லை. நகரத்தின் 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லோவர் நைந்த் வார்டில், 1965-ல் உடைந்த அதே கால்வாயின் சுவர் திரும்பவும் உடைந்து வீடுகளை அத்திவாரத்தோடு தள்ளிக்கொண்டு போனது.

தண்ணீர் வடிந்த பிறகு தொடங்கியதுதான் காப்புறுதிச் சண்டை. சாதாரண வீட்டுக் காப்புறுதி காற்றுச் சேதத்துக்குக் கொடுக்கும், வெள்ளத்துக்குக் கொடுக்காது. உங்கட வீடு நிலத்தோடு நிலமாகக் கிடக்கிறது. முதலில் காற்றுக் கூரையைப் பிடுங்கியதா, அல்லது தண்ணீர் சுவரைத் தள்ளியதா? அத்திவாரம் மட்டும் மிஞ்சிய இடத்தில் இதை எப்படி நிரூபிப்பது? கம்பனி "தண்ணீர்" என்றது. வீட்டுக்காரர் "காற்று" என்றார். சிலர் இன்னொரு வாதம் வைத்தார்கள்: இது இயற்கை வெள்ளமே இல்லை, பிழையாகக் கட்டிய சுவர் உடைந்து வந்த தண்ணீர். மனிதரின் பிழையை "வெள்ளம்" என்ற சொல்லுக்குள் அடக்க ஏலாது. 2007-ல் மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2008-ல் லூசியானா உச்ச நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. எப்படி வந்தாலும் வெள்ளம் வெள்ளம்தான் என்று தீர்ப்பு.

அப்படியென்றால் சுவரைக் கட்டிய மத்திய அரசின் பொறியியலாளர் படையிடம் கேட்கலாம்தானே? கேட்டார்கள். 2008 ஜனவரியில் நீதிபதி, கால்வாய்ச் சுவர்கள் பற்றிய வழக்கைத் தள்ளுபடி செய்தார். காரணம் 1928 சட்டத்தின் அந்தச் சின்ன வாசகம். வெள்ளச் சேதத்துக்கு அரசு பொறுப்பில்லை. படையின் பிழைகளை நீதிபதி கடுமையாகக் கண்டித்தார், ஆனால் சட்டம் அவர் கையைக் கட்டிப்போட்டது. ஒரு சட்டத்தின் ஒரே வரி எண்பது வருடம் அமைதியாக இருந்துவிட்டு எழும்பி வந்து ஆயிரக்கணக்கான வீட்டுக்காரரின் கோரிக்கையைத் துடைத்துவிட்டது. வரலாறு ஏன் படிக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது இந்தக் கதையைச் சொல்லுவேன்.

வெள்ளக் காப்புறுதி வைத்திருந்தவர்களுக்குப் பணம் வந்தது. கத்ரீனாவுக்கு மட்டும் திட்டம் 16 பில்லியன் டொலருக்கு மேல் கொடுத்தது. இல்லாதவர்கள் "ரோட் ஹோம்" என்ற மாநில உதவித் திட்டத்தை நம்பினார்கள். அதன் சூத்திரம் இப்படி: வெள்ளத்துக்கு முன் வீட்டின் சந்தைப் பெறுமதி, அல்லது திரும்பக் கட்டும் செலவு, இரண்டில் எது குறைவோ அதை வைத்துக் கணக்கு. ஒரே அளவு வீடு, ஒரே அளவு சேதம், ஒரே கட்டுமானச் செலவு. ஆனால் கறுப்பினத்தவர் பகுதியில் வீட்டின் சந்தை விலை குறைவு, எனவே உதவியும் குறைவு. இதை எதிர்த்து 2008-ல் வழக்கு வந்தது, 2011-ல் இணக்கமாக முடிந்தது. அதற்குள் கனபேர் வேறு மாநிலங்களில் தங்கிவிட்டார்கள். உறுதி தாத்தாவின் பெயரில் கிடந்தவர்களுக்கு, வீடு தங்களுடையது என்று நிரூபிப்பதே பெரும்பாடு.

யார் கட்டுவது?

கத்ரீனாவோடு திட்டம் கடனில் விழுந்தது. வாங்கும் கட்டுப்பணத்தால் அதை அடைக்க முடியாமல் திறைசேரியிடம் கடன் வாங்கியது. 2017-ல் ஹார்வி உட்படச் சூறாவளிகள் வரிசையாக வந்தபோது காங்கிரஸ் 16 பில்லியன் டொலர் கடனைத் தள்ளுபடி செய்தது. அதன் பிறகும் 20 பில்லியனுக்கு மேல் மிச்சம்.

கட்டுப்பணத்தை உண்மையான ஆபத்துக்கு ஏற்ப உயர்த்த 2012-ல் ஒரு சட்டம் வந்தது. கரையோர மாநிலங்களில் எழுந்த எதிர்ப்பால் 2014-ல் அதில் பாதியைப் பின்வாங்கினார்கள். 2021 ஒக்டோபரில் புது முறை தொடங்கியது. இப்போது கட்டுப்பணம் வலய எழுத்தைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. வீடு தண்ணீரிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வகை வெள்ளம் வரலாம், திரும்பக் கட்ட என்ன செலவு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கணக்கு. முன்னைய முறையில் விலை குறைந்த வீட்டுக்காரர் தன் பங்குக்கு மேல் கட்டினார், பெரிய மாளிகைக்காரர் குறைவாகக் கட்டினார் என்பதால் இது நியாயம் என்று அரசு சொல்கிறது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அணைக்கு வெளியே இருக்கும் பிளாக்மின்ஸ் மீனவருக்கும் ஆபத்து கூடுதல்தான். வசிக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக்கூடாது என்று எல்லை இருக்கிறது. வருடா வருடம் 18 சதவீதம் ஏறினால் நாலைந்து வருடத்தில் இரண்டு மடங்கு. 2023-ல் லூசியானா வேறு சில மாநிலங்களோடு சேர்ந்து இதை எதிர்த்து வழக்குப் போட்டது. 1927-ல் நகரத்துக்காக மூழ்கடிக்கப்பட்ட பரிஷ் இன்று விலையால் வெளியேற்றப்படுகிறதா என்ற கேள்வி எனக்கு வருகிறது.

மறுபக்கம், கத்ரீனாவுக்குப் பின் 14 பில்லியன் டொலருக்கு மேல் செலவழித்துப் புது அணைகள் எழும்பின. அதனால் 2016-ல் வந்த வரைபடம் நியூ ஓர்லியன்ஸின் பெருமளவு வீடுகளை உயர் ஆபத்து வலயத்திலிருந்து எடுத்துவிட்டது. அவர்களுக்குக் காப்புறுதி இனிக் கட்டாயம் இல்லை. நகரம் இன்னும் கடல்மட்டத்துக்குக் கீழே தாழ்ந்துகொண்டுதான் இருக்கிறது.

அதே 2016-ல்தான் ஐல் டி ஜோன் சார்ள்ஸ் என்ற சிறு தீவுக்கு 48 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. சொக்டோ பழங்குடிக் குடும்பங்களின் ஊர் அது. 1955-லிருந்து அந்தத் தீவு தன் நிலத்தில் 98 சதவீதத்தை இழந்துவிட்டது. ஆற்றை அணைகளால் அடைத்ததால் புது வண்டல் வரவில்லை, எண்ணெய்க் கம்பனிகள் வெட்டிய கால்வாய்கள் வழியாக உப்புத்தண்ணீர் ஏறியது, கடலும் உயர்ந்தது. 2022-ல் அந்தக் குடும்பங்கள் வடக்கே உள்நிலத்தில் கட்டிய வீடுகளுக்குப் போனார்கள். இடமாற்றத்தைத் தாங்கள் நினைத்த மாதிரி நடத்த விடவில்லை என்று பழங்குடித் தலைமை முறைப்பாடு செய்தது. இதை வாசித்தபோது அம்மம்மாவின் முகம்தான் வந்தது.

திரும்பி ஊருக்கு

இலங்கையிலும் வெள்ளக் காப்புறுதி இருக்கிறது என்று எனக்கு இந்தக் கட்டுரைக்கு வாசிக்கும்வரை தெரியாது. 2016 ஏப்ரலில் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக ஒரு இயற்கை அனர்த்தக் காப்புறுதி தொடங்கியது. வீட்டுக்கும் சிறு வியாபாரத்துக்கும் ஆகக்கூடியது 25 இலட்சம் ரூபா, கட்டுப்பணத்தை அரசாங்கமே கட்டியது. அடுத்த மாதமே களனி கங்கை பெருகிக் கொலன்னாவை மூழ்கியது. எங்கட முறையில் வலயமும் இருக்கவில்லை, தனியாள் கட்டும் பணமும் இருக்கவில்லை. ஏழைக்கு அது பெரிய நன்மை. ஆனால் எங்கே கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்ற கேள்வியை அது தொடவே இல்லை. அமெரிக்கா விலையையும் விதியையும் சேர்த்துக் கட்டப் பார்த்தது, ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் இன்னும் தடுமாறுகிறது. நாங்கள் சேர்த்துக் கட்டவே தொடங்கவில்லை.

லூசியானாவைப் பார்த்து நான் விளங்கிக்கொண்டது இதுதான். கோடு கீறுவது தவறு இல்லை. தண்ணீர் வரும் இடம் வரும்தான், அதை மக்களுக்கு மறைப்பது அதைவிடப் பெரிய குற்றம். ஆனால் கோட்டோடு மூன்று கேள்விகள் சேர்ந்து வர வேண்டும். அணை உடையாது என்று நினைத்துக் கீறினீர்களா, உடையலாம் என்று நினைத்தா? உள்ளே இருப்பவர் காப்புறுதி எடுக்கவோ, வீட்டை உயர்த்தவோ, வெளியேறவோ காசு யார் கொடுப்பது? போகச் சொல்லும் இடத்துக்கும் ஒரு வரைபடம் பார்த்தீர்களா?

அம்மம்மாவிடம் இந்தக் கதை முழுக்கச் சொன்னேன். டைனமைற் வைத்த இடத்தில் நிறுத்தி, "அந்தச் சனத்துக்குக் காசு குடுத்தவங்களா?" என்று கேட்டா. பெரும்பாலும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு உள்ளே போய்ப் பழைய றங்குப் பெட்டியைத் திறந்து, பொலித்தீன் பையில் சுற்றிய நாவலடிக் காணி உறுதியை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் தந்தா. "இது யார்ட பேர்ல கிடக்கு எண்டு பாரு மகள்" என்றா. பார்த்தேன். அம்மம்மாவின் அப்பாவின் பெயரில் இருந்தது.